கவிச்சி அடிக்கல, ஆனா வாந்தி வந்துச்சு: கடல் உணவும் வைரஸும், வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல "மீன் நாறலைன்னா மட்டும் போதாது, வைரஸுக்கு வாசனையே கிடையாது"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அவ்ளோதான், அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விங்க மத்த எல்லாத்தையும் ஓரங்கட்டிடுச்சு, அதனால இந்த தடவை முழுக்க அதேதான். ஒரே மாதிரி கேட்டவங்களை ஒண்ணா சேர்த்துட்டேன், பேரு எதுவும் போடல, வாந்தி பேதி சமாச்சாரத்துல யாருக்கும் பேரோட வர ஆசை இருக்காதுன்னு நினைக்கிறேன்.

கேள்வி: மேடம், ஒரு விருந்துல நாங்க 6 பேர் சாப்பிட்டோம். சிப்பி, இறால், மீன் எல்லாம் இருந்துச்சு. எல்லாமே ஃப்ரெஷ், கொஞ்சம்கூட கவிச்சி அடிக்கல. மறுநாள் ராத்திரி 4 பேருக்கு கிட்டத்தட்ட ஒரே நேரத்துல வாந்தி. கெட்டுப்போனதை கலந்துட்டாங்களா? சிப்பி பிடிக்காத 2 பேருக்கு மட்டும் ஒண்ணும் ஆகல.

பதில்: கடைசி வரியை முதல்ல எழுதியிருந்தீங்கன்னா எனக்கு வேலை மிச்சமாயிருக்கும்ங்க, விடையில பாதி அதுலதான் இருக்கு. மீதி பாதி நேரக் கணக்கு. மீனை சரியா ஐஸ்ல வைக்காம ஹிஸ்டமின்ங்கற ரசாயனம் அதுல ஏறியிருந்தா, சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயே முகம் செவந்து தலை வலிக்க ஆரம்பிச்சிருக்கும். சில பாக்டீரியா விஷம்னா சில மணி நேரத்துல காட்டிடும். உங்களுக்கு ஒரு நாள் முழுசா நல்லா இருந்துட்டு அதுக்கப்புறம் திடீர்னு எல்லாருக்கும் சேர்ந்து வந்திருக்கு. நோரோவைரஸ்னு வாந்தி பேதி வரவைக்கிற ஒரு வைரஸ் இருக்கு, உள்ள போனதுல இருந்து 12 முதல் 48 மணி நேரத்துக்குள்ள வேலைய காட்டும், வந்தா 1 நாள்ல இருந்து 3 நாள் வரைக்கும் படுத்தி எடுக்கும், அப்புறம் வந்த மாதிரியே போயிடும். டெஸ்ட் பண்ணாம அதுதான்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா என்னை பந்தயம் கட்ட சொன்னா அது மேலதான் கட்டுவேன்.

இப்போ வாசனை விஷயம். மீன் நாறுதுன்னா பாக்டீரியா அந்த சதைய தின்னு பெருகி கழிவை விடுதுன்னு அர்த்தம். வைரஸ் எதையும் தின்னாது, சிப்பிக்குள்ள பெருகவும் பெருகாது, மனுஷன் குடல் செல்லு கிடைக்கிற வரைக்கும் தூசி மாதிரி சும்மா உக்காந்திருக்கும். அதனால நிறம் மாறாது, ருசி மாறாது, இன்னிக்கு காலைல பிடிச்ச சிப்பியிலயும் இருக்கலாம். அதுவும் லட்சக்கணக்குல வேணும்னு இல்ல, 100க்கும் குறைவான துகள் போதும் ஒரு ஆளை கவுக்க. நோய் வந்தவங்க கழிவுல ஒரு கிராமுக்கு கோடிக்கணக்குல வெளிய போகுதுன்னு வெச்சுப் பாத்தா இது எவ்ளோ மோசமான கணக்குன்னு புரியும்.

1968ல அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல நார்வாக்னு ஒரு ஊர்ல பள்ளிக்கூட பசங்களுக்கு கூட்டமா வாந்தி வந்துச்சு, என்னன்னு யாருக்கும் பிடிபடல. 1972ல ஆல்பர்ட் கபிகியன்ங்கற விஞ்ஞானியோட குழு அந்த சாம்பிளை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புல வெச்சு, 27 நானோமீட்டர் சைஸ்ல இருந்த துகளை கண்டுபிடிச்சாங்க. நார்வாக்ங்கற ஊர் பேருதான் பின்னாடி நோரோன்னு ஆச்சு. ஊர்க்காரங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு நான் அப்பப்போ யோசிப்பேன்.

கேள்வி: கடல்ல வைரஸ் எப்படி வருது? கடல் அவ்ளோ பெருசு, உப்பு வேற. அதுலயும் ஏன் எப்பவும் சிப்பி, மட்டியையே குத்தம் சொல்றீங்க, இறாலும் நண்டும் அதே தண்ணியில தானே இருக்கு?

பதில்: இந்த வைரஸுங்க கடலுக்கு சொந்தமானது இல்லைங்க. நம்ம குடல்ல இருந்து கழிவுநீர் வழியா கடலுக்குப் போய், சிப்பி வழியா நம்ம தட்டுக்கே திரும்பி வருது, நாம அனுப்பினது நமக்கே ரிட்டர்ன். பெரிய மழை பெஞ்சு சாக்கடை நிரம்பி வழிஞ்சாலோ, சுத்திகரிக்காம விட்டாலோ கரையோரத் தண்ணியில கலந்துடும், உப்புத்தண்ணியிலயும், அதுவும் குளிர்ந்த தண்ணியா இருந்தா, வாரக்கணக்குல தாங்கும். பெரிய சாக்கடையே வேணும்னுகூட இல்ல. 1993ல அமெரிக்காவுல லூசியானா பக்கம் ஆய்ஸ்டர்ங்கற சிப்பி சாப்பிட்டவங்களுக்கு நோரோவைரஸ் பரவினப்போ விசாரிச்சுப் பாத்தா, ஆய்ஸ்டர் அள்ளுற படகுல இருந்தவங்க கழிவை அப்படியே தண்ணியில கொட்டிட்டு இருந்திருக்காங்க, அதுல ஒருத்தருக்கு அதுக்கு முன்னாடி வாந்தி பேதி வேற இருந்திருக்கு.

ரெண்டு ஓடு இருக்கிற ஜாதி, அதாவது ஆய்ஸ்டர், மட்டி, கிளாம் எல்லாம் சாப்பாட்டை தேடிப் போகாது, ஒரே இடத்துல உக்காந்து தண்ணிய உறிஞ்சி வடிகட்டும். நல்ல சூழ்நிலையில ஒரு பெரிய ஆய்ஸ்டர் ஒரு நாளைக்கு 190 லிட்டர் கிட்ட வடிகட்டும்னு சொல்வாங்க. சுத்தியிருக்கிற தண்ணியில கொஞ்சமா இருக்கிற வைரஸ் அது வயித்துல பல மடங்கு சேர்ந்துடும். இறாலும் நண்டும் அப்படி வடிகட்டாது, இறால்ல குடல் நரம்பை எடுத்துடறோம், மீனோட வயித்தை கழுவி வீசிடறோம், சிப்பிய மட்டும்தான் வயிறு, குடல் எல்லாத்தோடயும் முழுசா முழுங்கறோம். ஸ்கேலப்னு ஒண்ணு இருக்கு, அதுவும் வடிகட்டற ஜாதிதான், ஆனா பெரும்பாலும் அதுல ரெண்டு ஓட்டையும் மூடித் திறக்கற வெள்ளை சதைய மட்டும் சாப்பிடறதால அந்தப் பேச்சே எழறது இல்ல.

இறால், மீன், கணவாய்க்கு ஆபத்தே இல்லைன்னு எடுத்துக்காதீங்க, அங்க வைரஸ் வர்ற வழி வேற: தோல் உரிக்கிற கை, வெந்ததுக்கு அப்புறம் தொடற கை.

கேள்வி: சிப்பியோட ஓடு திறந்துட்டா வெந்துடுச்சுன்னு அர்த்தம், அதுக்கு மேல வேக வெச்சா ரப்பர் மாதிரி ஆயிடும்னு எல்லா சமையல் வீடியோலயும் சொல்றாங்களே?

பதில்: ரப்பர் ஆகும், அது நெஜம். ஆனா ஓடு திறக்கறது வெந்ததுக்கான மணி இல்லைங்க. ஓட்டை இறுக்கிப் பிடிச்சிட்டு இருக்கிற தசை சூட்டுல பிடிய விட்டதும் ஓடு திறக்குது, அவ்ளோதான் அது சொல்ற சேதி. மூடி போட்ட பாத்திரத்துக்கு பக்கத்துல நின்னு பாருங்க, ஆவி நல்லா வந்த 1 நிமிஷத்துலயே மேல இருக்கிறது ஒண்ணு ரெண்டு டப்புனு வாயை திறக்கும், நடுவுல இருக்கிறது இன்னும் மூடியே கிடக்கும், முதல்ல திறந்ததை எடுத்து ரெண்டா வெட்டினா ஓரம் சுருண்டு வெள்ளையா இருக்கும், நடுவுல கரும்பச்சை உருண்டை, அதாவது அதோட செரிமான சுரப்பி மட்டும் இன்னும் கொழகொழன்னு வெதுவெதுப்பா இருக்கும். வைரஸ் உக்காந்திருக்கிறது சரியா அந்த உருண்டையிலதான். நோரோவைரஸ் 63 டிகிரி வரைக்கும் தாக்குப்பிடிக்கும்னு எச்சரிக்கை இருக்கு, சும்மா ஒரு ஆவி காட்டி எடுக்கிறது அதுக்கு வெந்நீர் குளியல் மாதிரி.

சதையோட நடு பாகம் 90 டிகிரி செல்சியஸைத் தொட்டு 90 செகண்ட் அப்படியே நிக்கணும், இந்த 90-90தான் கணக்கு. பிரிட்டன்ல 1980கள்ல, மஞ்சள் காமாலை வரவைக்கிற ஹெபடைடிஸ் ஏ வைரஸை வெச்சு ஆராய்ஞ்சதுல இருந்து வந்தது இது, உலக அளவுல உணவு விதிகளை போடற கோடெக்ஸ் அமைப்பு 2012ல வைரஸுக்குன்னு போட்ட வழிகாட்டியிலயும் 85-லருந்து 90 டிகிரி, குறைஞ்சது 90 செகண்ட்னு இருக்கு. வீட்டுல தெர்மாமீட்டர் வெச்சு ஒவ்வொரு சிப்பியையும் குத்திப் பாக்க முடியுமா, முடியாது. நான் பண்றது, தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமா போடுவேன், மொத்தமா கொட்டினா தண்ணி ஆறிடும், கடைசி ஓடு திறந்ததுக்கு அப்புறம்தான் டைமரை தட்டுவேன், அதுல இருந்து 5 நிமிஷம். திறக்காதது குப்பைக்கு. கொஞ்சம் கெட்டியாதான் இருக்கும், மென்னு சாப்பிடலாம், பல்லு இருக்குல்ல.

கேள்வி: எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஊற வெச்சா சதை வெந்த மாதிரி வெள்ளையாயிடுதே, அது போதாதா? ஃப்ரீசர்ல ஒரு மாசம் இருந்தா? கூட ஒரு பெக் அடிச்சா?

பதில்: போதாது, போதாது, போதவே போதாது. புளிப்பு பட்டா சதையில இருக்கிற புரதம் உருமாறுது, அதான் வெள்ளையாகுது, ஆனா இந்த வைரஸுங்க நம்ம வயித்து ஆசிடையே தாண்டி குடலுக்குப் போறதுக்காகவே உருவானது, எலுமிச்சை எல்லாம் அதுக்கு எம்மாத்திரம். ஃப்ரீசர் அதை பத்திரமா பாதுகாக்கும், நாங்க லேப்ல வைரஸை வருஷக்கணக்குல வெச்சிருக்கிறதே ஃப்ரீசர்லதான். மூணாவது கேள்விக்கு வாழ்த்துக்கள் மட்டும்.

கேள்வி: பாக்கெட்ல "சுத்தமான தண்ணியில 48 மணி நேரம் வைத்து சுத்திகரிக்கப்பட்டது, பரிசோதனை செய்யப்பட்டது"ன்னு போட்டிருந்துச்சு. அதை நம்பி பச்சையா சாப்பிட்டு 3 நாள் படுத்தேன். ஏமாத்து வேலையா?

பதில்: ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன், போட்டது உண்மையாவே இருக்கலாம். அந்த முறைய உருவாக்கினது பாக்டீரியாவுக்காக. உயிரோட இருக்கிற சிப்பிய சுத்தமான கடல் தண்ணியில ரெண்டு நாள் வெச்சா, வயித்துல இருக்கிற ஈ.கோலை மாதிரி பாக்டீரியாவை கழுவி வெளிய தள்ளிடும். டெஸ்ட்டும் அந்த ஈ.கோலைக்குத்தான் பண்றாங்க, ஐரோப்பாவுல நேரா விக்கற தரத்துக்கு 5ல 4 சாம்பிள்லயாவது அதோட எண்ணிக்கை 100 கிராம் சதையில 230க்கு மேல போகக் கூடாதுன்னு விதி. பாக்டீரியா போயிடுச்சு, டெஸ்ட் பாஸ், வைரஸ் அப்படியே உள்ள.

அது ஏன் போகலைங்கறதுதான் எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்ப பிடிச்ச இடம். நம்ம குடல் செல்லுல, ரத்த குரூப்பை தீர்மானிக்கிற சர்க்கரை மூலக்கூறுங்க மாதிரி சிலது இருக்கு, நோரோவைரஸ் அதைப் பிடிச்சுத்தான் செல்லுல ஒட்டுது. 2006ல பிரான்ஸ் ஆராய்ச்சியாளருங்க என்ன காட்டினாங்கன்னா, ஆய்ஸ்டரோட செரிமான திசுவுலயும் ஏ குரூப் மாதிரியான சர்க்கரை இருக்கு, வைரஸ் அங்கயும் போய் அதே கொக்கியில மாட்டிக்குது. அதாவது சும்மா மிதந்துட்டு இல்ல, பிடிச்சிட்டு நிக்குது, எவ்ளோ நல்ல தண்ணிய விட்டாலும் சீக்கிரம் கழண்டு வராது. 2 நாள் பத்தாது, வாரக்கணக்குல ஆகும். ஐரோப்பாவுல 2016ல இருந்து 2018 வரைக்கும் பெரிய சர்வே ஒண்ணு பண்ணாங்க, வளர்க்கிற இடத்துல எடுத்த ஆய்ஸ்டர் சாம்பிள்ல சுமார் 34 சதவீதத்துல நோரோவைரஸ் தடயம், விற்பனைக்கு அனுப்புற இடத்துல எடுத்ததுல சுமார் 11 சதவீதத்துல.

அப்போ வைரஸுக்கே நேரா டெஸ்ட் பண்ண வேண்டியதுதானேன்னு கேப்பீங்க, பண்ணலாம், நானே பண்ணியிருக்கேன். ஒவ்வொரு சிப்பியா கத்திய விட்டு நெம்பி திறந்து, சதைய விலக்கி, அந்த கரும்பச்சை செரிமான சுரப்பிய மட்டும் கத்தரிச்சு எடுக்கணும், பத்து சிப்பி கிட்ட வெட்டினாதான் தேவையான 2 கிராம் தேறும். அதை பிளேடால கூழா நறுக்கி, புரதத்தை கரைக்கிற என்சைமை ஊத்தி 37 டிகிரியில ஒரு மணி நேரம் குலுக்கி, அப்புறம் 60 டிகிரியில 15 நிமிஷம், அப்புறம் சுத்தவிட்டு தெளிவை எடுத்து, வைரஸோட மரபணுவான ஆர்என்ஏவை பிரிச்சு, அது இருக்கான்னு பாக்கற ஆர்டி-பிசிஆர் டெஸ்ட். நாள் முழுக்க கையுறை போட்டும் ராத்திரி கை மணக்கும். இவ்ளோ பண்ணியும் கிடைக்கிற ரிசல்ட் "இருக்கு"ன்னு மட்டும்தான் சொல்லும், உசுரோட இருக்கா செத்த வைரஸோட மிச்ச ஆர்என்ஏவான்னு பிசிஆருக்கு பிரிச்சு சொல்லத் தெரியாது. நோரோவைரஸை லேப்ல வளர்த்துப் பாக்கறதே 2016 வரைக்கும் கைகூடல, அப்பதான் மனுஷ குடல் செல்லுல இருந்து குட்டி குடல் மாதிரி வளர்த்து அதுல பெருக வெச்சாங்க, அது எல்லா லேப்லயும் நடக்கிற காரியம் இல்ல. அதனால லேபிளை நம்புங்க, பாக்டீரியா விஷயத்துல. பச்சையா சாப்பிடறதுக்கு அது அனுமதிச் சீட்டு இல்ல.

கேள்வி: மஞ்சள் காமாலை வந்திருக்கு. டாக்டர் "ஒரு மாசத்துக்கு முன்னாடி சிப்பி சாப்பிட்டீங்களா"ன்னு கேக்கறாரு. ஒரு மாசம் முன்னாடி சாப்பிட்டது இப்பவா பண்ணும்?

பதில்: பண்ணும். நல்ல டாக்டர், விட்டுடாதீங்க. ஹெபடைடிஸ் ஏ உள்ள போய் வெளிய தெரிய 15ல இருந்து 50 நாள் ஆகும், சராசரியா 28 நாள். நாலு வாரத்துக்கு முன்னாடி என்ன சாப்பிட்டோம்னு யாருக்கு ஞாபகம் இருக்கும், அதனாலயே பல நேரம் சிப்பி மாட்டாம தப்பிச்சிடுது. 1955-56ல ஸ்வீடன்ல ஆய்ஸ்டரால 600க்கு மேல பேருக்கு வந்தப்போதான் சிப்பிக்கும் காமாலைக்கும் இருக்கிற தொடர்பு முதல்முதலா பதிவாச்சு. எல்லாத்தையும் தூக்கி சாப்பிட்டது 1988 ஷாங்காய். அசுத்தமான தண்ணியில இருந்து வந்த கிளாமை லேசா வெந்நீர் காட்டி சாப்பிட்டதுல, ரெண்டு மூணு மாசத்துக்குள்ள ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ. ஒரே உணவால இவ்ளோ பேருக்கு வைரஸ் பரவினது வேற எங்கயும் பதிவானதா எனக்குத் தெரிஞ்சு இல்ல.

உங்களுக்கு ஒரு விஷயம், காமாலை தெரியறதுக்கு முன்னாடி 1-2 வாரம்தான் நீங்க அதிகமா பரப்பியிருப்பீங்க, அதனால வீட்டுல இருக்கிறவங்களை இன்னிக்கே டாக்டர்கிட்ட பேச சொல்லுங்க, தொடர்பு ஏற்பட்டு 2 வாரத்துக்குள்ள தடுப்பூசி போட்டா பலன் உண்டு. சின்னக் குழந்தைங்களுக்கு பெரும்பாலும் அறிகுறியே தெரியாது, ஆனா பரப்புவாங்க. ஹெபடைடிஸ் ஈன்னு இன்னொண்ணும் இருக்கு, அதுவும் சிப்பியில தென்பட்டிருக்கு, கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு அதோட சில வகை ரொம்ப ஆபத்து. வயித்துல குழந்தை இருந்தாலோ, கல்லீரல் பிரச்சனை இருந்தாலோ, பச்சை சிப்பி பக்கமே போகாதீங்க, இதுல நான் விட்டுக்கொடுக்கிறதா இல்ல.

கேள்வி: இறால் பண்ணையில வெண்புள்ளி வைரஸ்னு சொல்றாங்க, அந்த இறாலை சாப்பிட்டா நமக்கு வருமா? ஃப்ரோஸன் மீன்ல கொரோனான்னு ஒரு காலத்துல பயமுறுத்தினாங்களே?

பதில்: வெண்புள்ளி வைரஸ் பண்ணைக்காரரோட முதலுக்குத்தான் எமன், மனுஷனுக்கு ஒண்ணும் பண்ணாது. கொரோனா, பாக்கெட் மேல தடயம் கிடைச்சது உண்மை, ஆனா அது சாப்பாட்டு வழியா பரவற வைரஸ் இல்ல, மூச்சு வழி.

கேள்வி: அக்கா, வீட்டுக்காரர் சிப்பி சாப்பிட்டு வாந்தி எடுத்துட்டு இருக்காரு. நான் சிப்பி தொடவே இல்ல. எனக்கும் பசங்களுக்கும் வராம எப்படி பாத்துக்கறது? சானிடைசர் போட்டுட்டுதான் இருக்கேன்.

பதில்: சானிடைசரை ஓரமா வைம்மா, நோரோவைரஸுக்கு மேல கொழுப்பு உறை கிடையாது, ஆல்கஹால் அதை சரியா கொல்லாது. சோப்பு போட்டு ஓடற தண்ணியில 20 செகண்ட் தேய்ச்சு கழுவு, வைரஸ் சாகறது முக்கியம் இல்ல, கையை விட்டுப் போகணும். வாந்தி எடுத்த இடத்தை உடனே பேப்பரால ஒத்தி எடுத்துட்டு, 5 சதவீத ப்ளீச்னா 1 லிட்டர் தண்ணிக்கு 20 மில்லி கலந்து ஊத்தி, 5 நிமிஷம் அப்படியே விட்டுட்டு துடை, ஜன்னலை திறந்து வெச்சுக்கோ, ப்ளீச்சோட வேற எந்த கிளீனரையும் கலக்காத. வாந்தி எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளி பக்கத்துல எல்லாம் தெறிக்கும், கதவு கைப்பிடி, குழாய், போன், ரிமோட், இதையெல்லாம் மறந்துடாத. துணிய சூடான தண்ணியில துவை.

அவருக்கு ஓஆர்எஸ் கரைசல் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துட்டே இரு, மடக்கு மடக்கா குடுத்தா வெளிய வந்துடும். சிறுநீர் நின்னு போச்சு, ஒரேயடியா சோர்ந்து கிடக்கார், ரத்தமா போகுதுன்னா வீட்டுல வெச்சுக்காத, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போ. வாந்தி நின்னு 2 நாள் முழுசா ஆகற வரைக்கும் அவரை அடுப்பங்கரை பக்கம் விடாத. அதுக்கு அப்புறமும் 2 வாரம் போல வைரஸ் வெளிய போயிட்டே இருக்கும், அதனால கை கழுவறதுல கண்ணு வெச்சுக்கோ.

கேள்வி: நான் ஏழாவது படிக்கிறேன். சிப்பி வயித்துல அவ்ளோ வைரஸ் இருந்தா சிப்பிக்கு வாந்தி வராதா?

பதில்: தம்பி, இத்தனை வருஷத்துல இதை யாரும் என்கிட்ட கேட்டதில்ல. வராது. நம்ம வைரஸுக்கு சிப்பியோட செல்லுக்குள்ள நுழைஞ்சு பெருகத் தெரியாது, வெளிய ஒட்டிக்கிட்டு நிக்க மட்டும்தான் தெரியும், அதனால சிப்பிக்கு அது ஒரு தூசி. ஆனா சிப்பிக்குன்னே தனியா ஒரு ஹெர்பிஸ் வைரஸ் இருக்கு. 2008ல இருந்து பிரான்ஸ் கடலோரத்துல குட்டி ஆய்ஸ்டருங்க கூட்டம் கூட்டமா செத்துச்சு, அதுல இந்த வைரஸுக்கு பெரிய பங்கு. அது நம்மளை தொடாது. சிப்பி வைரஸ் சிப்பியோட நின்னுடுது, நம்ம வைரஸ்தான் ஊர் சுத்துது.